மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கி: வர்ஜீனியாவாசிகளே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சாண்டில்லிக்காரன்

கலிபோர்னியாவில் 30 நாளைக்கு ஒரு துப்பாக்கிதான் வாங்கலாம் என்ற சட்டம் செல்லாது என்று ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்புச் சொன்னதிலிருந்து எங்கள் ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சுதான். கிட்டத்தட்ட அதே சட்டம் இங்கே வர்ஜீனியாவிலும் இருக்கிறது, கைத்துப்பாக்கிக்கு மட்டும். வேண்டும், வேண்டாம் என்று எல்லோரிடமும் ஒரு கருத்து தயாராக இருக்கிறது. ஆனால் கடையில் போய் நின்றவர்கள் எத்தனை பேர்? இந்தச் சட்டத்தை நேரில் சந்தித்தவர்கள் எழுதுங்கள்.

முதலில் நான். இங்கே வர்ஜீனியாவில் இருக்கும் டல்லஸ் எக்ஸ்போ சென்டரில் துப்பாக்கிக் கண்காட்சி நடக்கும். கூட வேலை பார்க்கும் நண்பர் இழுத்துக்கொண்டு போனார். அவர் சிட்டிசன். தனக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று இரண்டு பிஸ்டல் எடுத்து மேஜையில் வைத்தார். விற்பவர் சிரித்துக்கொண்டே, "இன்றைக்கு உங்கள் பெயரில் ஒன்று. அவருக்கு வேண்டுமென்றால் அவரே வந்து படிவம் நிரப்பி, அவர் பெயரில் வாங்கட்டும்" என்றார். மனைவி குழந்தையோடு காரில் இருந்தார். போன் போட்டால், "என் பேர்ல துப்பாக்கியா? வேண்டவே வேண்டாம், சீக்கிரம் வாங்க" என்று பதில். அத்தோடு சரி, ஒன்றோடு வீடு திரும்பினோம்.

ரிச்மண்ட் பழசு

தம்பி, நான் இந்தச் சட்டம் வருவதற்கு முன்பிருந்தே இங்கே இருப்பவன். 90களின் தொடக்கத்தில் ரிச்மண்டில் படித்துக்கொண்டிருந்தேன். கொலைக்குப் பெயர்போன ஊராக இருந்தது அப்போது. இருட்டினால் வெளியே போக மாட்டோம்.

எங்கள் அபார்ட்மெண்டுக்குக் கீழே துணி துவைக்கும் இடத்தில் ஒருவன் அடிக்கடி வந்து உட்கார்ந்திருப்பான். நல்லாத்தான் பேசுவான். ஒருநாள் என்னிடம் வர்ஜீனியா டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறதா, போலீஸ் கேஸ் ஏதாவது உண்டா என்று கேட்டான். லைசென்ஸ் இருக்கிறது, கேஸ் எதுவும் இல்லை என்றேன். அப்படியானால் கடைக்கு வந்து மூன்று துப்பாக்கி வாங்கிக் கொடு, ஒன்றுக்கு ஐம்பது டாலர் தருகிறேன் என்றான். அந்தக் காலத்தில் ஸ்டைபண்டில் வாழ்கிற பையனுக்கு நூற்றைம்பது டாலர் என்றால் ஒரு மாத மளிகை. பரீட்சை இருக்கிறது என்று சொல்லி ஈரத்துணியோடு மாடிக்கு ஓடிவந்துவிட்டேன். அதற்கப்புறம் துணி துவைக்கப் போகும் நேரத்தையே மாற்றிக்கொண்டேன்.

அப்போது ஒரே நாளில் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். இப்படிக் கூலிக்கு ஆள் பிடித்து வாங்கி, 95ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே நியூயார்க் வரை கொண்டுபோய் விற்பார்கள். அங்கே சட்டம் கடுமை, அதனால் விலையும் அதிகம். அந்தச் சாலைக்கு 'இரும்புக் குழாய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வர்ஜீனியாவுக்கு இது பெரிய தலைக்குனிவு. 1993இல் கவர்னர் டக்ளஸ் வைல்டர் மாதம் ஒன்று என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார். தேர்தலில் வென்று கவர்னரான முதல் கறுப்பினத்தவர் அவர். (சவுத் கரோலினா 1975லேயே இப்படி ஒன்று போட்டது. 2004இல் நீக்கிவிட்டது.)

பலன் இருந்ததா என்று கேட்பார்கள். 1996இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு, வடகிழக்கு மாநிலங்களில் பிடிபடும் துப்பாக்கி வர்ஜீனியாவில் வாங்கப்பட்டதாக இருக்கும் வாய்ப்பு 66 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. கடத்துகிறவன் தொழிலை விட்டானா, வேறு மாநிலத்துக்குப் போனானா என்பது தனிக் கதை. ஆனால் ஒரு ஆளை வைத்து மூன்று வாங்குகிறவனுக்கு அதன் பிறகு மூன்று ஆள் வேண்டும். மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் மூன்று மடங்கு. எனக்கு அந்தக் கணக்கு போதும்.

மனாசஸ் ரேஞ்ச்

அண்ணா சொல்வது பழைய கதை. இப்போதைய நிலவரத்தை நான் சொல்கிறேன். வாரக் கடைசியில் இலக்குச் சுடப் போகிறவன் நான். ஃபேர்ஃபாக்சில் என்ஆர்ஏ (தேசிய ரைஃபிள் சங்கம்) தலைமையகத்துக்குள்ளேயே ஒரு ரேஞ்ச் இருக்கிறது, அங்கேதான் பழகினேன். சட்டத்தில் எத்தனை ஓட்டை தெரியுமா? மறைத்து எடுத்துச்செல்லும் பெர்மிட் வைத்திருந்தால் இந்த வரம்பே கிடையாது. உங்கள் துப்பாக்கி திருடு போனால் அதற்குப் பதிலாக வாங்குவது கணக்கில் வராது. பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கினாலும் அப்படித்தான். ரைஃபிள், ஷாட்கன் எத்தனை வாங்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அப்புறம், ஐந்து வேலை நாளுக்குள் ஒரே கடையில் ஒரே ஆள் இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினால் கடைக்காரர் துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான ஏடிஎஃப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி நாடு முழுக்க ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒழுங்காகப் பின்தொடர்ந்தாலே கூலிக்கு வாங்குகிறவன் சிக்குவான். என்னை ஏன் மாதக் கணக்கில் நிறுத்த வேண்டும்?

இன்னொன்று. 2012இல் கவர்னர் பாப் மெக்டொனல் இந்தச் சட்டத்தை நீக்கினார். அதே மெக்டொனல் 1993இல் சட்டமன்ற உறுப்பினராக அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர்! இடையில் மாறியது குற்றப் புள்ளிவிவரமா, கட்சிக் காற்றா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பங்க்கடை

நான் பீட்டர்ஸ்பர்க் பக்கம் பெட்ரோல் பங்க்கும் சின்னக் கடையும் வைத்திருக்கிறேன். ராத்திரி பதினோரு மணிக்குக் கடைக்குள் வந்து தலையில் துப்பாக்கி வைத்தார்கள். கல்லாவை அப்படியே தூக்கிக் கொடுத்தேன், போய்விட்டார்கள். உடம்பில் கீறல் இல்லை. ஆனால் அதற்கப்புறம் கதவு மணி அடித்தாலே கை நடுங்கும்.

கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று துப்பாக்கிக் கடைக்குப் போனேன். படிவம் நிரப்பினேன், துப்பாக்கி வாங்கத் தகுதி உண்டா என்று பார்க்கும் பேக்கிரவுண்ட் செக் மாநிலப் போலீசுக்குப் போனது, கொஞ்ச நேரத்தில் சரி என்று வந்தது. "ஒன்றுதான். அடுத்ததற்கு முப்பது நாள் கழித்து வாருங்கள்" என்றார் கடைக்காரர். அவரே, "பெர்மிட் எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை" என்று யோசனையும் சொன்னார்.

சரி என்று பெர்மிட்டுக்கு இறங்கினேன். முன்பெல்லாம் ஆன்லைனில் ஒரு வீடியோ பார்த்தால் போதுமாம். 2021இலிருந்து நேரில் பயிற்சிக்குப் போக வேண்டும். சனிக்கிழமை கடையை மச்சானிடம் விட்டுவிட்டுப் போனேன். சர்க்யூட் கோர்ட்டில் மனு போட்டேன். அவர்களுக்கு 45 நாள் வரை அவகாசம் உண்டு. பெர்மிட் தபாலில் வந்தபோது முப்பது நாள் எப்போதோ முடிந்திருந்தது, இரண்டாவதும் வாங்கியாகிவிட்டது!

கோபம் இருந்ததா என்றால் இருந்தது. கடையில் வைத்துக் கொள்ளையடித்தவன் எந்தப் படிவம் நிரப்பினான்? ஆனால் அவன் கையில் இருந்ததும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கியதாகத்தானே இருக்கும் என்றும் தோன்றும். இரண்டும் மாறி மாறித் தோன்றும் எனக்கு.

ஹோக்கி2007

பிளாக்ஸ்பர்க்கில் நடந்ததை யாராவது எடுப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் எடுக்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

2007 ஏப்ரல் 16 அன்று நான் வர்ஜீனியா டெக்கில் முதுகலை மாணவன். குளிர்காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. அறையை விட்டு வெளியே வராதீர்கள் என்று மின்னஞ்சல் வந்தது. அப்புறம் போன் லைன் எதுவும் கிடைக்கவில்லை. ஊரிலிருந்து அம்மா டிவியில் பார்த்துவிட்டு மணிக்கணக்காக அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் செத்தான். நாரிஸ் ஹாலில் நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன் அந்த 32 பேரில் ஒருவர். கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர், இருபத்தைந்து வருடமாக அங்கே பாடம் நடத்தியவர். நான் வேறு துறை, அவரிடம் படித்ததில்லை. ஆனால் அந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்களுக்கு அவர் வெறும் பேராசிரியர் இல்லை.

இதை எழுதக் காரணம் இந்தச் சட்டம்தான். சுட்டவன் முதல் கைத்துப்பாக்கியைப் பிப்ரவரியில் வாங்கினான். இரண்டாவதை மார்ச் 13இல். நடுவில் முப்பது நாளுக்கு மேல். அப்போது மாதம் ஒன்று சட்டம் இருந்தது, அவன் அதை மீறவே இல்லை. காத்திருந்து வாங்கினான். கவர்னர் டிம் கெய்ன் அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை அந்த ஆகஸ்டில் வந்தபோது உட்கார்ந்து படித்தேன். 2005இலேயே அவனால் அவனுக்கே ஆபத்து என்று ஒரு நீதிமன்ற அதிகாரி முடிவு செய்து, மனநலச் சிகிச்சைக்குப் போகச் சொல்லியிருக்கிறார். அந்த உத்தரவு பேக்கிரவுண்ட் செக் பட்டியலுக்குப் போகவில்லை. போயிருந்தால் முதல் துப்பாக்கியே கிடைத்திருக்காது.

இப்போது விவாதம் வரும்போதெல்லாம் ஒருத்தர், "பார், சட்டம் இருந்தும் நடந்தது" என்பார். இன்னொருத்தர், "சட்டம் இருந்ததால்தான் ஒரு மாதம் தள்ளிப்போனது" என்பார். எனக்கு இரண்டுமே எரிச்சலாக இருக்கும். ரிச்மண்ட் அண்ணன் சொன்ன ஐம்பது டாலர் ஆளுக்காக எழுதிய சட்டம் அது. பொறுமையாகத் திட்டம் போட்ட ஒருவனை அது நிறுத்தும் என்று வைல்டரே நினைத்திருக்க மாட்டார். அதை வேண்டுமானால் வையுங்கள், வேண்டாமானால் எடுங்கள். அந்த 32 பேரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

மனாசஸ் ரேஞ்ச்

ஹோக்கி அண்ணா, நானும் அந்த வாதத்தைப் பல இடத்தில் வைத்திருக்கிறேன். இனி யோசித்துத்தான் வைப்பேன். மற்றதில் என் நிலை அதேதான்.

டவுன்டவுன் டெஸ்டர்

2020 ஜனவரி 20ஐ யாரும் சொல்லவில்லையே! ரிச்மண்ட் சட்டமன்றக் கட்டடத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஆபீஸ். அன்று மார்ட்டின் லூதர் கிங் நாள் விடுமுறை. ஒரு சர்வர் வேலைக்காகப் போயே ஆக வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய மே மாதம் வர்ஜீனியா பீச்சில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நவம்பர் தேர்தலில் சட்டமன்றம் கைமாறியது. கவர்னர் ரால்ஃப் நார்த்தம் கொண்டுவந்த துப்பாக்கிச் சட்டங்களில் மாதம் ஒன்று மறுபடி வந்தது. அதை எதிர்த்துத்தான் கூட்டம். 22,000 பேர் என்றது போலீஸ்.

வளாகத்துக்குள் ஆயுதம் கூடாது என்று அவசரநிலை அறிவித்திருந்தார்கள். அதனால் வேலிக்கு வெளியே தெருவெல்லாம் ராணுவ உடுப்பும் ரைஃபிளுமாக நின்றார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு பெரியவர் என் கை நடுங்குவதைப் பார்த்துக் குளிர் என்று நினைத்து, கையைச் சூடாக்கும் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். கொஞ்சம் பேசினோம். மாதம் ஒன்று உங்களுக்குப் போதாதா என்று கேட்டேவிட்டேன். தான் கடைசியாகத் துப்பாக்கி வாங்கி ஆறேழு வருடம் ஆகிறது என்றார். அப்படியானால் இவ்வளவு குளிரில் எதற்கு? "நான் எத்தனை வாங்குகிறேன் என்று எண்ணுவதற்கு இவர்கள் யார்?" என்றார்.

சட்டம் ஜூலை 1இல் அமலுக்கு வந்தது. அன்று கூட்டம் சண்டையில்லாமல் கலைந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

சான்ஹோசே அக்கா

முதல் பதிவில் எங்கள் கலிபோர்னியாதானே முதலில் வந்தது, அதனால் ஒரு வார்த்தை. இங்கே 2000இலிருந்து கைத்துப்பாக்கிக்கு மாதம் ஒன்று என்ற வரம்பு இருந்தது, 2024 தொடங்கி எல்லாத் துப்பாக்கிக்கும். வீட்டுக்காரர் ஒன்று வாங்கினார். பாதுகாப்புத் தேர்வு எழுதி, பணம் கட்டி, பத்து நாள் காத்திருந்து கையில் கிடைக்கும்போது அவருக்கு ஆசையே போய்விட்டது. தீர்ப்பு வந்து மாதம் ஒன்று என்ற வரம்பு போனாலும் அந்தப் பத்து நாள் அப்படியே இருக்கிறது. நான் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. அதற்கு ஒன்று போதும். எண்ணிக்கையைவிட அந்தப் பத்து நாள்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஹெர்ன்டன் புதுசு

எல்லோருக்கும் வணக்கம். ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். பென்சில்வேனியாவில் இருக்கும் என் மாமா கிரீன் கார்டு. என் ரூம்மேட் சிட்டிசன், அவனுக்கு ஒரு கடையில் தள்ளுபடி கிடைக்குமாம். அவன் பெயரில் வாங்கி மாமாவுக்குக் கொடுத்துவிடலாமா? மாதம் ஒன்றுதானே, வரம்புக்குள்தானே வருகிறது?

ரிச்மண்ட் பழசு

தம்பி, வேண்டாம். இதே கதை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வர்ஜீனியாவில் முன்னாள் போலீஸ்காரர் ஒருவர், தனக்குத் தள்ளுபடி உண்டு என்பதற்காகப் பென்சில்வேனியாவில் இருந்த தன் மாமாவுக்கு ஒரு க்ளாக் கைத்துப்பாக்கி வாங்கினார். மாமா 400 டாலர் செக் முன்கூட்டியே அனுப்பினார், குறிப்பில் துப்பாக்கியின் பெயரையும் எழுதி! மாமா மேல் எந்தக் கேசும் இல்லை, அவரே சட்டப்படி வாங்கத் தகுதியானவர், அந்த ஊரில் பேக்கிரவுண்ட் செக்கும் செய்துகொண்டார். இருந்தும் "உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா" என்ற கேள்விக்கு ஆம் என்று குறித்தது பொய் என்று தண்டனை. 2014இல் 5க்கு 4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உன் ரூம்மேட் வாங்குவது ஒன்றா பத்தா என்பது அங்கே பிரச்சினையே இல்லை. தன் காசில் வாங்கிப் பரிசாகக் கொடுப்பது வேறு. மாமா காசில் வாங்கிக் கொடுப்பது வேறு. மாமாவை அவர் ஊர்க் கடையிலேயே வாங்கச் சொல்.

மனாசஸ் ரேஞ்ச்

அண்ணா சொன்னது முழுக்கச் சரி. தம்பி, உனக்கே ஆசை இருந்தால் ஒன்று சொல்கிறேன். ஹெச்-1பியில் இருப்பவர் பொதுவாக வாங்க முடியாது, ஆனால் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் முடியும். அதற்கு முன்னால் ஒரு நல்ல வக்கீலிடம் பேசிவிடு. கிரீன் கார்டு வரிசையில் நிற்பவன் எந்தப் படிவத்திலும் தப்பாக ஒரு கோடு போடக்கூடாது.