ஒக்சிடெட்ராசைக்கிளின் தூள்: கோழித் தண்ணியில் கலக்கிற ஆளுக்கு என்ன பாதுகாப்பு?

தம்பலகாமம்_பண்ணை:

வணக்கம். 400 புரொயிலர், சராசரி நிறை 1.2 கிலோ. தும்மல், மூச்சில் கரகரப்பு. கால்நடை வைத்தியர் பார்த்துவிட்டு ஒக்சிடெட்ராசைக்கிளின் என்ற பக்டீரியாக்கொல்லி மருந்தின் 20 வீதத் தூளை 5 நாளைக்குத் தண்ணியில் கொடுக்கச் சொல்லி எழுதித் தந்திருக்கிறார். அளவு, ஒரு கிலோ நிறைக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் மருந்து.

நான் கேட்க வந்தது கலக்கிற ஆளைப் பற்றி. பக்கெற்றைத் திறந்தாலே மஞ்சள் தூசி எழும்புது. மூக்கையும் வாயையும் துணியால் கட்டினால் போதுமா? வழக்கமாகக் கலக்கிறது தங்கச்சி. அவ இப்ப மூன்று மாதக் கர்ப்பிணி. தாங்கி பழைய தகரத் தாங்கி. மிஞ்சுகிற தண்ணியை எங்க ஊத்துறது? பக்கத்துப் பண்ணைக்காரர் இரண்டு பேரும் கொஞ்சம் பிரிச்சுத் தரச்சொல்லிக் கேட்கினம், கொடுக்கலாமா?

மருந்துக்_களஞ்சியம்:

மற்றதெல்லாம் பிறகு. தங்கச்சியை இன்றைக்கே அந்த வேலையிலிருந்து விலக்குங்கோ. டெட்ராசைக்கிளின் வகை மருந்துகள் கல்சியத்தோடு ஒட்டிக்கொள்பவை. தாயின் இரத்தத்தால் போய் வயிற்றுப் பிள்ளையின் எலும்பிலும் பல்லிலும் படியும். பால்பல் இறுகத் தொடங்குவது நான்காம் மாதமளவில், அதாவது அவ சரியாக அந்த நேரத்தை நெருங்குகிறா. மாத்திரையாக விழுங்குவதோடு பார்த்தால் தூசியாக உள்ளே போவது கொஞ்சம்தான். ஆனாலும் வேறு ஆள் இருக்கும்போது அந்தக் கொஞ்சமும் எதற்கு? 8 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடவேண்டாம், அவர்களுக்கும் பல்லில் மஞ்சள் கறை நிரந்தரமாக விழலாம்.

துணி போதாது. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலேயே தங்கிவிடும். தெரியாத நுண்தூசிதான் நெஞ்சுக்குள் போகும், துணியின் நூலிடைவெளி அதைத் தடுக்காது. நீல நிற சத்திரசிகிச்சை மாஸ்க்கும் கன்னத்துப் பக்கத்தால் காற்றை விடும். என்-95 அல்லது எஃப்.எஃப்.பி.-2 என்று எழுதியதை வாங்குங்கோ. இரண்டு பட்டியையும் போடவேண்டும், மூக்குக் கம்பியை அழுத்தவேண்டும். தாடி வைத்தவருக்கு அது ஒட்டாது, அவர் இந்த வேலைக்குச் சரிவரமாட்டார். வேர்வையில் நனைந்தால் புதிதாக ஒன்று. பெயின்ற் அடிக்கிறவர்கள் போடும் கரி வடிகட்டி மட்டும் உள்ள மாஸ்க் வாசனைக்கானது, தூசிக்கல்ல.

கைக்கு நைற்றில் (nitrile) என்ற செயற்கை இறப்பர் கையுறை, கண்ணுக்குப் பக்கமும் மூடிய கண்ணாடி, நீளக் கை ஷேர்ட். தூள் தோலில் வேர்வையோடு கிடந்தால் அரிக்கும், சிலருக்கு ஒவ்வாமையாகவே மாறும். இந்த மருந்துக்கு இன்னொரு குணமும் உண்டு: உடம்புக்குள் போனவரின் தோல் வெயிலுக்குச் சுலபமாகச் சிவந்து எரியும். கலந்துவிட்டு நேரே வயலுக்குப் போகிறவர் இதை மனதில் வைக்கவேண்டும்.

இனி வேலை. ஆபத்து முழுவதும் தூள் காய்ந்த தூளாக இருக்கிற அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான் இருக்கிறது, அந்த நேரத்தைக் குறைத்தால் பாதி வெற்றி. மின்விசிறியை நிறுத்துங்கோ. வெளியில் என்றால் காற்று பக்கவாட்டில் அடிக்கும்படி நில்லுங்கோ. முதுகுக்குக் காற்றைக் கொடுத்தால் உடம்புக்கு முன்னால் சுழன்று தூசியை முகத்துக்கே கொண்டுவரும். பக்கெற்றைக் கிழிக்காமல் கத்தரிக்கோலால் வெட்டுங்கோ. தராசில் மூடியுள்ள போத்தலை வைத்துப் பூச்சியமாக்கி, அகப்பையை வாய்க்குள் இறக்கி மெதுவாகக் கொட்டி நிறுங்கோ. உயரத்திலிருந்து உதறக்கூடாது. அதே போத்தலுக்குள் இளஞ்சூட்டுத் தண்ணி ஒரு லீற்றர் ஓரத்தால் விட்டு, மூடியை இறுக்கிக் குலுக்குங்கோ. கரைந்த பிறகு தாங்கியில் ஊற்றினால் தூசிக்கே இடமில்லை. தாங்கியில் நேரடியாகத் தூளைத் தூவுவதுதான் அநேகமாக எல்லோரும் செய்கிற பிழை: தூசியும் எழும்பும், மேலே கட்டியாய் மிதந்து, கோழி தண்ணி குடிக்கிற நிப்பிளையும் அடைக்கும்.

சிந்தினால் தும்புத்தடியால் கூட்டவேண்டாம். ஈரத்துணியைப் போர்த்தித் துடைத்தெடுங்கோ.

கோழிக்_கணக்கு:

அளவைச் சொல்கிறேன். 400 கோழி, 1.2 கிலோ: மொத்தம் 480 கிலோ. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் 9,600 மில்லிகிராம், அதாவது 9.6 கிராம் சுத்த மருந்து. தூள் 20 வீதம் என்பதால் நாளுக்கு 48 கிராம் தூள். ஐந்து நாளைக்கு 240 கிராம். கோழி வளர்வதால் மூன்றாம் நாள் ஒருமுறை நிறுத்துப் பாருங்கோ.

லீற்றருக்கு ஒரு கிராம் என்று வாய்ப்பாடு சொல்கிறவர்களை நம்பவேண்டாம். கச்சான் என்ற வெப்பக்காற்று அடிக்கிற மாதங்களில் இந்தக் கோழிகள் ஒரு நாளில் 120 லீற்றரையும் தாண்டிக் குடிக்கக்கூடும். அப்படிப் போட்டால் 120 கிராம், எழுதித் தந்ததைவிட இரண்டரை மடங்கு. மாரியில் அதே வாய்ப்பாடு குறைந்துபோகும். நேற்று எவ்வளவு குடித்தது என்று தாங்கியில் கோடு கீறிப் பாருங்கோ. 24 கிராமைக் காலை குடிக்கிற அளவுத் தண்ணியிலும், 24 கிராமைப் பின்னேரத் தண்ணியிலும் கரையுங்கோ. கரைத்தது அடுத்த நாளுக்கு வேண்டாம். தேக்கரண்டி அளவும் வேண்டாம். இறுகிய தூளுக்கும் பொலபொலத்த தூளுக்கும் ஒரே கரண்டியில் நிறை வேறு.

தகரத் தாங்கியை விடுங்கோ. துத்தநாகம், இரும்பு, கல்சியம் எதைக் கண்டாலும் இந்த மருந்து பிடித்துக்கொள்ளும், பிறகு கோழியின் குடலுக்குள் உறிஞ்சாது. பிளாஸ்ரிக் வாளி நல்லது. கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விழுகிற கிணற்றுத் தண்ணி என்றால் வைத்தியரிடம் சொல்லுங்கோ. சிற்றிக் அமிலம் சேர்க்கச் சொல்லக்கூடும். நீங்களாகச் சேர்க்கவேண்டாம். தடுப்பூசித் தண்ணிக்குப் போடும் பால்மாவை இதில் போட்டால் பாலின் கல்சியம் மருந்தைக் கட்டிப்போடும். சல்பா மருந்தை அதே வாளியில் கலந்தால் அடியில் படிந்துவிடும்.

விற்கிற திகதியை மருந்து தொடங்க முன்னரே பாருங்கோ. பக்கெற்றில் எழுதிய விலக்கு நாட்கள் முடியாமல் இறைச்சிக்குக் கொடுக்கக்கூடாது. சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் இறைச்சியில் ஒரு கிலோவுக்கு 200, முட்டையில் 400, பாலில் லீற்றருக்கு 100 மைக்கிரோகிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. மாடு வைத்திருந்தால் அதற்கு இந்தத் தூளைக் காட்டவே வேண்டாம். வளர்ந்த மாட்டின் அசையிரைப்பையில் வேலை செய்கிற நுண்ணுயிரையே கொல்லும். மருந்து கலந்த பாலில் தயிரும் உறையாது.

தம்பலகாமம்_பண்ணை:

நன்றி. இனி நானே கலக்கிறேன். இரண்டு சந்தேகம். அப்பாவுக்குப் பெனிசிலின் ஒவ்வாமை, அவர் கிட்ட நிற்கலாமா? மற்றது, பங்கு பிரிக்கிறதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. பால்மா ரின்னில் போட்டு, மேலே பெயர் எழுதிக் கொடுக்கலாம் என்று நினைச்சேன்.

மூதூர்_மருந்தாளர்:

ஒக்சிடெட்ராசைக்கிளின் பெனிசிலின் குடும்பம் அல்ல, அந்த ஒவ்வாமை இதற்குப் பொருந்தாது. ஆனால் பக்கெற்றின் பின்பக்கத்தை வாசியுங்கோ. நியோமைசின் சேர்ந்த கலவைகளும் விற்பனையில் உண்டு, நியோமைசின் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனது. அப்பாவை உண்மையில் விலக்கவேண்டியது அமொக்சிசிலின் தூள் கொண்டுவரும் நாளில். அது பெனிசிலின்தான்; தூசி பட்டாலே உதடு, கண்ணிமை வீங்கி மூச்சு அடைக்கக்கூடும். ரைலோசின் என்ற இன்னொரு கோழி மருந்தின் தூளும் அடிக்கடி கைபடுகிறவர்களுக்குத் தோல் வெடிப்பையும் மூச்சிழுப்பையும் கொடுக்கும். குளோரம்பெனிக்கோல், பியூராசொலிடோன் என்ற பெயர்கள் இருந்தால் காசு கொடுத்து வாங்கவேண்டாம். முதலாவது மிகச் சிலருக்கு எலும்பு மச்சை இரத்தம் உண்டாக்குவதையே நிறுத்திவிடும், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. உணவுக்கு வளர்க்கும் மிருகங்களில் ஐரோப்பிய ஒன்றியம் அதை 1994இலும் பியூராசொலிடோனை 1995இலும் தடைசெய்தது.

பால்மா ரின் யோசனையை முழுதாக விட்டுவிடுங்கோ. மஞ்சள் தூள், பால்மா ரின், குசினி: இந்த மூன்றும் சேர்ந்தால் யாரோ ஒருவர் கறிக்குப் போடுவார். பங்கும் பிரிக்கவேண்டாம். உங்கள் கோழியைப் பார்த்துத்தான் வைத்தியர் எழுதினார். பக்கத்துப் பண்ணையில் இருப்பது வைரஸ் நோய் என்றால் இந்த மருந்து ஒன்றும் செய்யாது, கிருமிகள் மருந்துக்குப் பழகுவதுதான் மிச்சம். அவர்கள் தீவனத்தில் இரத்தக் கழிச்சலைத் தடுக்கப் போடும் மொனென்சின், சலினோமைசின் இருக்கும்போது யாராவது தியாமுலின் என்ற வேறு பக்டீரியாக்கொல்லியை மாற்றிக் கொடுத்தால் கோழி சாகும். ஒரு பக்கெற் கைமாறும்போது இப்படியான பிழைகளும் சேர்ந்து கைமாறும்.

மீதித் தூளை அதன் சொந்தப் பக்கெற்றிலேயே வாயை மடித்துக் கட்டி, இறுக்கமான மூடியுள்ள வாளிக்குள் வைத்துப் பூட்டுங்கோ. தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம், மத்தியானத்தில் அங்கே 40 பாகையைத் தாண்டும். மாரி ஈரத்தில் கட்டிபட்டு மண்ணிறமாகிப் போனது மருந்தல்ல. பழைய டெட்ராசைக்கிளினைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது 1963இலேயே மருத்துவ இதழ்களில் பதிவானது.

மிஞ்சிய தண்ணி வாய்க்காலுக்குப் போகக்கூடாது. உங்கள் வாய்க்கால் கடைசியில் தம்பலகாமக் குடாவுக்குத்தான் போகும். நீலப்பச்சைப் பாசியும் பக்டீரியா இனம்தான், மிகச் சிறிய அளவிலேயே பாதிக்கப்படும். வெளிச்சத்தில் மருந்து சிதைந்தாலும் அடிச்சேற்றுக்குள் நெடுநாள் கிடக்கும். கிணற்றுக்குத் தூரமாய் உள்ள பழைய உமிக் குவியலில் ஊற்றி மூடிவிடுங்கோ. குவியல் சூடேறி உக்கும்போது பெருமளவு குறையும். பக்கெற் வெறுமையானதும் மூன்று தரம் அலசி, அந்தத் தண்ணியை மருந்துத் தண்ணியோடே சேர்த்து, வெட்டிவிட்டுக் குப்பை வண்டிக்குக் கொடுங்கோ. வெளியில் வீசவேண்டாம். திருகோணமலை நகரத்துக்குள் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் குப்பைப் பையைக் கிளறித் தின்பது எல்லோரும் காண்கிற காட்சி, அவையும் மாட்டைப் போல அசைபோடுகிற மிருகம்தான்.

கண்ணில் பட்டால் ஓடுகிற தண்ணியில் 15 நிமிடம், இமையைத் திறந்துபிடித்துக் கழுவுங்கோ. விழுங்கினால் வாயைக் கொப்பளிக்கவும், வாந்தியெடுக்க வைக்கவேண்டாம். முகம் வீங்கினாலோ மூச்சிழுப்பு வந்தாலோ 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ, பக்கெற்றையும் கையோடு கொண்டுபோங்கோ.

மருந்துக்_களஞ்சியம்:

ஒன்று விட்டுப்போச்சு. கழற்றுகிற ஒழுங்கு: முதலில் கையுறையைக் கழுவிக் கழற்றி, பிறகு கண்ணாடி, கடைசியாகத்தான் மாஸ்க். ஷேர்ட்டை உதறாமல் நேரே தண்ணிக்குள் போடுங்கோ, வீட்டு உடுப்போடு சேர்க்காமல். அதைத் தங்கச்சியிடம் தோய்க்கக் கொடுத்துவிடாதேங்கோ.