புதுப்பிப்பு: கணவாய்ச் சத்திரம் முடிவாகிவிட்டது

என் கற்பனை உலகில், ஊரே இல்லாத மலைக்கணவாயில் பயணிகள் எங்கே தங்குவார்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் சொன்ன மதுக்கடை விடுதி அங்கே ஒத்துவராது. தினமும் வந்து குடிக்க உள்ளூர் ஆள் வேண்டுமே. 13-ஆம் நூற்றாண்டு அனடோலியாவில் (இன்றைய துருக்கி) செல்ஜூக் என்ற துருக்கிய அரச மரபின் காலத்தில் இருந்த சத்திரங்களைத்தான் முன்மாதிரியாக எடுத்திருக்கிறேன். ஒரே பெரிய வாசல், கோட்டை போன்ற மதில், ஏறக்குறைய ஒரு நாள் பயணத்துக்கு ஒன்று. அறக்கொடையில் நடந்ததால் மூன்று நாள்வரை தங்கலும் சாப்பாடும் இலவசம்.

என் உலகில் டிராகன்களும் வந்து இறங்கும். அதனால் முற்றத்துக்குக் கூரை கிடையாது, வைக்கோல் மட்டும் கல்லால் கட்டிய தனி அறையில். இருட்டியதும் வாசலை அடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கதவைத் தட்டுவது மனிதர்தானா என்று காவலாளி எப்படிக் கண்டுபிடிப்பான்? அதைத்தான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்புறம், நான்காம் நாளும் கிளம்ப மறுக்கும் ஒரு சூனியக்காரியோடு கதை தொடங்குகிறது.