மனச்சோர்வுக்காக முதல் தடவை டாக்டரைப் பார்த்தபோது என்னதான் கேட்டார்கள்? நாளைக்குப் போகிறேன், போய்வந்தவர்கள் சொல்லுங்கள். புனைபெயரில் எழுதினாலும் போதும்.

அரைத்தூக்கம்:
மனசைப் பற்றித்தான் பேச்சு இருக்கும் என்று நினைத்துப் போனேன். டாக்டர் ஆரம்பித்ததோ தூக்கத்தில். படுத்தவுடன் தூக்கம் வருகிறதா, விடிவதற்கு ரொம்ப முன்பே விழித்துக்கொண்டு சும்மா கிடக்கிறீர்களா? அப்புறம் பசி, உடல் எடை, படிப்பது மண்டையில் ஏறுகிறதா, குடிப்பழக்கம், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா. "வருத்தமாக இருக்கிறதா" என்று கேட்டது பாதிக்கு மேல் போன பிறகுதான்.

நடுவில் ஒரு தாள் கொடுத்தார். 9 கேள்விகள். கடந்த 2 வாரத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி இருந்தது என்று 0 முதல் 3 வரை போட வேண்டும். கூட்டினால் அதிகபட்சம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கூர்ந்து பார்ப்பார்கள், ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை என்றார். கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. பேனா அங்கே நின்றுவிட்டது. "சில நாட்கள்" என்பதில் டிக் போட்டேன். தாளைப் பார்த்தவர் முகம் மாறவே இல்லை. "அந்த எண்ணம் எப்போது வருகிறது? எப்படிச் செய்துகொள்வது என்று யோசித்ததுண்டா?" என்று, இருமல் எத்தனை நாளாக என்று கேட்கிற அதே குரலில் கேட்டார். எனக்கு அந்தக் குரல்தான் பெரிய ஆறுதல். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வீட்டில் சொல்ல வேண்டிவரும், மற்றபடி பேசியது வெளியே போகாது என்றும் சொல்லிவிட்டார்.

பேசாமடந்தை:
எனக்குக் கூட வந்த அம்மாதான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். "நல்லாத்தான் சாப்பிடுறா டாக்டர்." கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த டாக்டர், "அம்மா, ஒரு பத்து நிமிஷம் வெளியே இருங்க" என்றார். அதற்கப்புறம்தான் எனக்கு வாயே திறந்தது. டாக்டர் சொல்லாவிட்டால் நாமே கேட்கலாம், தப்பில்லை.

அன்றைக்கு மாத்திரை எழுதவில்லை. ரத்தப் பரிசோதனைதான்: தைராய்டு, ரத்தசோகை, பி12. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே அசதி, இதே ஆர்வமின்மை வருமாம். எல்லாம் சரியாக இருந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றம். ஒரு மாத்திரையில் முடிகிற விஷயமாக இருக்கக்கூடாதா என்று ஆசை.

இரண்டாம்கதவு:
எனக்கு வாய்த்த முதல் டாக்டர், "வேலை இருக்கு, குடும்பம் இருக்கு, அப்புறம் என்ன கவலை?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். இப்படியும் ஆட்கள் உண்டு. வேறு டாக்டரிடம் போனேன்.

அவர் கேட்ட ஒரு கேள்வி விசித்திரமாகப் பட்டது: "ரொம்பக் குறைவாகத் தூங்கியும் களைப்பே இல்லாமல், ஓயாமல் பேசிக்கொண்டு, கண்டபடி செலவு செய்த காலம் உண்டா?" நான் சோர்ந்து போய் வந்திருக்கிறேன், இவர் உற்சாகத்தைப் பற்றிக் கேட்கிறாரே! காரணத்தையும் அவரே சொன்னார். சில காலம் சோர்வு, சில காலம் அளவுமீறிய உற்சாகம் என்று மனம் மாறி மாறிப் போகிற இருமுனைக் கோளாறு உள்ளவருக்குச் சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் மனம் அந்த உற்சாகப் பக்கம் தாவிவிடலாம். அதனால் எழுதும் முன் கேட்டே ஆக வேண்டும்.

எழுதியது எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை. முதல் வாரம் குமட்டல் இருக்கலாம், பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகலாம், தாம்பத்திய ஆசை குறைந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், நன்றாகிவிட்டது என்று நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள் என்றார். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும், அதனால் இன்னும் கவனமாகப் பார்ப்பார்களாம். அப்படி ஏதும் தோன்றினால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே வரச் சொன்னார்.

அரைத்தூக்கம்:
நாளைக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தவருக்கு: சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயரையும், எப்போதிலிருந்து இப்படி என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பேச வராவிட்டால் சீட்டை அப்படியே நீட்டிவிடலாம். அழுகை வந்தால் வரட்டும், மேஜையிலேயே டிஷ்யூ வைத்திருப்பார்கள்.