மீட்டரில் 12 வோல்ட் சரியாக வருகிறது, பம்ப் மட்டும் இழுக்கவில்லை. எங்கே கோளாறு?

தொட்டித்தோட்டம்:
வணக்கம். காய்கறிப் பாத்திக்குத் தண்ணீர் விட 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் ஒன்று போட்டிருக்கிறேன். முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயரில் வருமே, அந்த ரகம்தான், கார்பன் பிரஷ் மோட்டார். மேலே 60 வாட், 5 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. பேட்டரியும் சோலார் கன்ட்ரோலரும் ஷெட்டுக்குள் இருக்கின்றன. பம்ப் 20 மீட்டர் தள்ளி, தண்ணீர்த் தொட்டியின் பக்கம். நடுவில் 0.75 ஸ்கொயர் எம்எம் செம்பு இரட்டை வயர்.

பம்பை நேராகப் பேட்டரியில் கொடுத்தால் நன்றாகச் சீறுகிறது. வயர் வழியாகக் கொடுத்தால் முனகுகிறது, தெளிப்பான் சுற்றுவதே இல்லை. பம்பைக் கழற்றிவிட்டு வயரின் கடைசி முனையில் மீட்டர் வைத்தேன், 12.6 வோல்ட். பேட்டரியிலும் அதே 12.6. அப்படியென்றால் வயரில் குறை இல்லை என்றுதானே அர்த்தம்? கடைக்காரர் பம்பை மாற்றச் சொல்கிறார்.

இன்னொரு குழப்பம். பம்பின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஓம் அளந்தால் 0.6 வருகிறது. 12-ஐ 0.6-ஆல் வகுத்தால் 20 ஆம்பியர் வரவேண்டுமே, 5 என்று ஏன் போட்டிருக்கிறார்கள்?

பழைய வயர்மேன்:
தம்பி, பம்புக்குச் செலவு செய்யாதீர்கள். வயரைத்தான் பார்க்க வேண்டும். பம்பை மாட்டி, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் டெர்மினலில் வோல்ட் பாருங்கள். அதே நேரத்தில் பேட்டரியிலும் பாருங்கள். ஆம்பியரும் வேண்டும். அதற்கு மீட்டரின் சிவப்பு லீடை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பாசிட்டிவ் வயரைப் பிரித்து நடுவில் வையுங்கள். ஆம்பியர் துளையில் லீடு இருக்கும்போது பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொட்டுவிடாதீர்கள், அது நேராக ஷார்ட். அளந்து முடித்ததும் லீடைப் பழைய துளைக்கே மாற்றிவிடுங்கள். கவனம்.

கிணற்றுமேடு:
வோல்ட் குறைந்தால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்துக் காயில் புகைந்துவிடும். எங்கள் ஊரில் லோ வோல்டேஜில் எத்தனையோ கிணற்று மோட்டார் போயிருக்கிறது. ஓட்டிப் பார்ப்பதே ஆபத்து இல்லையா?

பழைய வயர்மேன்:
நீங்கள் சொல்வது ஏசி மோட்டாருக்குச் சரி. இண்டக்‌ஷன் மோட்டார் தன் வேகத்தை அவ்வளவு சுலபமாக விடாது. வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி இழுக்கும், காயில் சூடாகும். இந்த டிசி மோட்டார் அப்படியில்லை, வோல்ட் குறைந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சுற்றாமல் அடைத்து நின்றால்தான் ஆபத்து. சில நிமிடம் ஓட்டி அளப்பதில் ஒன்றும் ஆகாது.

தொட்டித்தோட்டம்:
அளந்துவிட்டேன் அண்ணா. ஓடும்போது பேட்டரியில் 12.3, பம்பில் 8.1 வோல்ட், ஓட்டம் 4 ஆம்பியர். கழற்றினால் கடைசி முனையில் மறுபடி 12.6 வந்துவிடுகிறது! ஒரே வயர் இரண்டு விதமாக நடந்துகொள்வது எப்படி?

இயற்பியல் டீச்சர்:
இந்தக் கேள்வியை என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சூத்திரம் எல்லோருக்கும் தெரியும், அதை எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே போடுவது என்பதில்தான் சிக்கல்.

வோல்ட் என்பது எப்போதும் இரண்டு இடங்களுக்கு இடையிலான வித்தியாசம். உங்கள் சுற்றில் பேட்டரியின் 12.3 வோல்ட்டை வயரும் பம்பும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பம்புக்கு 8.1 போனால் மீதி 4.2 வோல்ட் வயருக்குப் போயிருக்கிறது. வரிசையாக இணைந்திருப்பதால் இரண்டிலும் அதே 4 ஆம்பியர்தான். 4.2-ஐ 4-ஆல் வகுத்தால் வயரின் மின்தடை 1.05 ஓம். 0.75 ஸ்கொயர் செம்பு வயருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 26 ஓம். போக 20, வர 20 என்று 40 மீட்டர், அதாவது 1.04 ஓம். எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள்! வயரில் எங்கும் லூஸ் கான்டாக்ட் இல்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிட்டது.

இப்போது பம்பைக் கழற்றுங்கள். டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை பொதுவாக 10 மெகா ஓம், ஒரு கோடி ஓம். அதற்குள் ஓடுவது ஒரு மைக்ரோ ஆம்பியருக்குச் சற்று மேல். அதை 1 ஓமால் பெருக்கினால் வயரில் விழுவது ஒரு மைக்ரோ வோல்ட் அளவுதான், மீட்டருக்கே தெரியாது. அதனால் முழு 12.6 காட்டுகிறது. நீளமான ஒடுங்கிய ஓஸ் பைப்பின் முனையை விரலால் அடைத்தால் அழுத்தம் முழுதாகத் தெரியும், விரலை எடுத்தால் தண்ணீர் சொட்டும். அது போலத்தான். வயரின் மின்தடை எப்போதும் அங்கே இருக்கிறது, மின்னோட்டம் ஓடினால்தான் அது வோல்ட்டைத் தின்னும்.

அடுத்து அந்த 0.6 ஓம். நின்றுகொண்டிருக்கும் மோட்டாரின் சுருளைத்தான் அளந்தீர்கள். சுற்ற ஆரம்பித்ததும் மோட்டாரே ஒரு ஜெனரேட்டராகி எதிர்த்திசையில் வோல்ட்டை உண்டாக்கும். பின் மின்னியக்கு விசை என்று பாடப்புத்தகத்தில் இருப்பது இதுதான். நேராகப் பேட்டரியில் ஓடும்போது 5 ஆம்பியரை 0.6-ஆல் பெருக்கினால் சுருளில் 3 வோல்ட். மீதி 9.3-ம் இந்த எதிர் வோல்ட். வயர் வழியாக ஓடும்போது 8.1-இல் 2.4 சுருளுக்கு, எதிர் வோல்ட் வெறும் 5.7. இது வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதால், உங்கள் பம்ப் அதன் வழக்கமான வேகத்தில் ஏறத்தாழ 60 சதவீதத்தில்தான் சுற்றுகிறது. தெளிப்பான் எப்படிச் சுற்றும்?

20 ஆம்பியரும் பொய் இல்லை. சுவிட்ச் போட்ட அந்தக் கணத்தில், மோட்டார் அசைவதற்கு முன், அந்த அளவுக்கு இழுக்கப் பார்க்கும்.

தொட்டித்தோட்டம்:
நன்றி டீச்சர், இப்போதுதான் புரிகிறது. அப்படியானால் எந்த வயர் வாங்குவது? பேட்டரியை வெளியே தொட்டிப் பக்கம் வைக்கத் திருட்டுப் பயம்.

பழைய வயர்மேன்:
4 ஸ்கொயர் போட்டால் 40 மீட்டருக்கு 0.2 ஓம், 5 ஆம்பியரில் 1 வோல்ட் போகும். 6 ஸ்கொயருக்கு 0.13 ஓம், 0.65 வோல்ட்தான். என்னைக் கேட்டால் 6 போடுங்கள். விலை அதிகம்தான், ஆனால் ஒருமுறைச் செலவு. இப்போது உங்கள் வயர் மட்டும் 4.2 × 4, கிட்டத்தட்ட 17 வாட்டைச் சூடாக்கி வீணாக்குகிறது. அது பேட்டரியிலிருந்து போகிற காசு. வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. அதற்கு மின்தடை ஒன்றரை மடங்கு, வேண்டாம். முனைகளை முறுக்கி டேப் ஒட்டாமல், லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) வைத்து கிரிம்ப் செய்துவிடுங்கள், அதாவது அழுத்தி இறுக்கிவிடுங்கள்.

கிணற்றுமேடு:
24 வோல்ட் பம்ப் போட்டால் மெல்லிய வயரே போதாதா?

இயற்பியல் டீச்சர்:
நல்ல யோசனை. அதே 60 வாட்டுக்கு ஆம்பியர் பாதியாகும், வயரில் வீணாகும் வாட் நாலில் ஒன்றாகும். தூரத்துக்கு மின்சாரம் கொண்டுபோக வோல்ட்டை உயர்த்துவதன் காரணமே இது. ஆனால் இவருக்குப் பேட்டரி, கன்ட்ரோலர், பம்ப் எல்லாம் மாற வேண்டும். வயர் மாற்றுவதே மலிவு.

தொட்டித்தோட்டம்:
6 ஸ்கொயர் இழுத்தாயிற்று. ஓடும்போது பேட்டரியில் 12.2, பம்பில் 11.5, ஓட்டம் 4.9 ஆம்பியர். தெளிப்பான் கடைசிப் பாத்தி வரை அடிக்கிறது! இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கடைசியாக ஒன்று, பழைய வயருக்குப் பேட்டரிப் பக்கம் 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருந்தேன். அதையே விட்டுவிடலாமா?

பழைய வயர்மேன்:
10 ஆம்பியருக்கு மாற்றிவிடுங்கள், பேட்டரி டெர்மினலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். இதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய வயரின் கடைசி முனையில் எலி கடித்து இரண்டு கம்பியும் ஒட்டியிருந்தால், 12.3-ஐ 1.04-ஆல் வகுத்தால் சுமார் 12 ஆம்பியர்தான் ஓடியிருக்கும். 15 ஆம்பியர் ஃபியூஸ் போகவே போகாது, பேட்டரி தீரும் வரை வயர் சூடாகிக்கொண்டே கிடந்திருக்கும். புதிய வயரில் அதே ஷார்ட் ஆனால் கணக்குப்படி 90 ஆம்பியருக்கு மேல் பாய வேண்டும். பேட்டரியின் உள் மின்தடையால் அதில் கொஞ்சம் குறைந்தாலும், 10 ஆம்பியர் ஃபியூஸ் உடனே அறுந்துவிடும்.