காக்கடீலை எந்த மருத்துவரிடம் காட்டுவது?

கேள்வி:
அடையாறில் வசிக்கிறோம். எங்கள் காக்கடீல் (சிறு வளர்ப்புக் கிளி) நேற்று முதல் இறகுகளை உப்பவைத்துக்கொண்டு கூண்டின் அடித்தட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. அருகிலுள்ள கால்நடை மருத்துவர் நாய், பூனைகளை மட்டுமே பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். பறவை மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றவரை எவ்வாறு இனங்காண்பது?

மறுமொழி 1:
இன்றே காட்டிவிடுங்கள். நோயை இயன்றவரை வெளிக்காட்டாமல் இருப்பது பறவைகளின் இயல்பு என்பதால், நம் கண்ணுக்குப் புலப்படும்போது அது முற்றியிருக்கக்கூடும். வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். சிறு பெட்டியில் துணி விரித்து, குளிர்காற்று படாமல் எடுத்துச் செல்லுங்கள்.

மறுமொழி 2:
மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்பது முதற்படிதான். கோழிப்பண்ணை நோய்களில் வல்லவராக இருப்பவர்கூட, பண்ணை முழுவதையும் மனத்தில் வைத்துப் பழகியவர் என்பதால், ஒற்றைக் காக்கடீலுக்கு ஏற்றவராக இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே கிராம் தராசு இருக்கிறதா, வளர்ப்புப் பறவைகளை அடிக்கடி பார்க்கிறாரா, ஐசோஃபுளூரேன் மயக்க மருந்து வசதி உண்டா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். நலமாக உள்ள 90 கிராம் பறவையிடமிருந்தே ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவாகத்தான் இரத்தம் எடுக்கலாம். அங்கே கைப்பழக்கம்தான் பேசும்.

மறுமொழி 3:
கூண்டில் விரித்திருக்கும் தாளை எச்சத்தோடு அப்படியே கொண்டுசெல்லுங்கள். அதைப் பார்க்காமலேயே மருந்து எழுதத் தொடங்குபவரிடம் நான் இரண்டாம் முறை போகமாட்டேன்.