மூன்று மிடறு கூழுக்கு இவ்வளவு காசா? கொழும்பு டேஸ்டிங் மெனு பற்றி

கொள்ளுப்பிட்டிக்காரி:
போன சனிக்கிழமை எங்கள் கல்யாண நாள். கொள்ளுப்பிட்டியில் ஒரு பழைய வீட்டில் நடக்கும் உணவகத்துக்குப் போனோம். அங்கே டேஸ்டிங் மெனு மட்டும்தான், எட்டு வகை ஒவ்வொன்றாக வரும். பெரிய இடம் என்ற விறைப்பே இல்லை. செருப்போடு வந்தவர்களும் இருந்தார்கள். கையால் சாப்பிடலாமா என்று கேட்டேன். சமைத்தவரே தேசிக்காய் போட்ட வெந்நீர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

மூன்றாவதாக வந்தது ஒடியல் கூழ், பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் எங்கள் யாழ்ப்பாணக் கூழ். கைப்பிடிக்குள் அடங்கும் மண் கிண்ணம், அதில் உடைத்தெடுத்த நண்டுச் சதை, ஒரு இறால், மேலே பொரித்த முருங்கை இலை. முதல் மிடறிலேயே கண் கலங்கிவிட்டது. தலைக்கு 18,000 ரூபா. 10% சேவைக் கட்டணம், 18% வற் வரி சேர்ந்து 23,000-ஐத் தாண்டியது. ஆனாலும் ஒருமுறை போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். மெனு அட்டையின் படத்தையும் போட்டிருக்கிறேன்.

முற்றத்து வேம்பு:
அக்கா, கல்யாண நாள் வாழ்த்துகள். ஆனால் மூன்று மிடறு கூழைக் கூழ் என்று என்னால் சொல்ல முடியாது. அம்மம்மா வீட்டில் கூழ் காய்ச்சினால் பக்கத்து வளவுக்கும் ஆள் போகும். பெரிய பானையில் பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, மீன் தலை, நண்டு எல்லாம் கிடக்கும். பனை ஓலையில் பிளா என்ற கிண்ணம் கோலி, முற்றத்தில் இருந்து குடிப்போம். பிளாவின் அடியில் தங்கும் பலாக்கொட்டையை விரலால் எடுத்துச் சப்பிவிட்டு, திரும்பவும் நீட்டுவோம். அந்த இரண்டாவது பிளா இல்லாவிட்டால் அது கூழ் இல்லை. நீங்கள் ஒரு ஆளுக்குக் கொடுத்த காசில் எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் காய்ச்சலாம்.

குசினிக்காரன்:
பதினான்கு வருடமாகக் கொழும்புக் குசினிகளில் நிற்கிறேன். தம்பி சொல்லும் கணக்கு வீட்டுக்குச் சரி. ஆனால் எட்டு வகை கொடுக்கும் இடத்தில் மூன்றாவதிலேயே வயிறு நிரம்பினால் மிச்சம் ஐந்தும் திரும்பி வரும். அதிலும் கூழ் மந்தமான சாப்பாடு. அப்புறம் வேலையைப் பாருங்கள். ஒடியல் மாவை ஊறவைத்து, தண்ணீரை வடித்து, திரும்ப ஊறவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் கசக்கும். நண்டுக் கோதை இடித்து அவித்து, அந்தச் சாறில்தான் மாவைக் கரைத்திருப்பார்கள். கிண்ணம் சிறிது என்பதால் வேலை குறைவதில்லை.

2011 இல் கொழும்பின் பழைய டச்சு ஹொஸ்பிட்டல் கட்டடத்தில் மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப் என்ற நண்டு உணவகம் தொடங்கிய பிறகுதான், நம் களப்பு நண்டை நிறை பார்த்து விலை சொல்லி மரியாதையோடு வைக்கலாம் என்று கொழும்பில் பலருக்குத் தெரிந்தது. கூழுக்கும் அப்படி ஒரு இடம் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம்.

பம்பலப்பிட்டி ராசா:
மரக்கறிக்காரருக்கு ஏதாவது உண்டா?

கொள்ளுப்பிட்டிக்காரி:
உண்டு, முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பக்கத்து மேசைக்குக் கத்தரிக்காயும் பலாக்காயும் போனதைப் பார்த்தேன்.

முற்றத்து வேம்பு:
அண்ணா, வேலை பற்றி நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அக்கா போட்ட அட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்றாவது வரியில் 'நோர்தர்ன் க்ராப் பிஸ்க்' என்று இருக்கிறது. பிஸ்க் பிரெஞ்சுக்காரரின் சூப். கோதை அவித்து, அரிசியில் தடிப்பாக்கி, கிரீம் விடுவார்கள். கூழ் தடிப்பது பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காயவைத்து இடித்த மாவில். இரண்டும் ஒன்றா? அதே அட்டையில் ஆறாவது வரி, சூரை மீனையும் கொறுக்காய்ப் புளியையும் போட்டு வற்றவைத்தது. அதற்கு 'அம்புல் தியல்' என்று அதன் சொந்தச் சிங்களப் பெயர் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். அப்படியானால் கூழுக்கு மட்டும் ஏன் வேறு பெயர்? என் கோபம் காசில் இல்லை அக்கா, இதில்தான்.

குசினிக்காரன்:
வெளிநாட்டு விருந்தினருக்கு விளங்க வேண்டும் என்று அப்படிப் போட்டிருப்பார்கள்.

முற்றத்து வேம்பு:
அம்புல் தியல் மட்டும் அவர்களுக்கு எப்படி விளங்கியது அண்ணா?

குசினிக்காரன்:
அது நியாயமான கேள்வி தம்பி. என்னிடம் பதில் இல்லை.

கொள்ளுப்பிட்டிக்காரி:
சாப்பிடும்போது அட்டையை நான் கவனிக்கவே இல்லை. வாசனையிலேயே கூழ் என்று தெரிந்துவிட்டது. தம்பி சொல்வது சரி, அந்தப் பெயரை மாற்றச் சொல்லி இன்றைக்கே அவர்களுக்கு எழுதுகிறேன். ஆனால் கிண்ணத்தில் இருந்தது கூழ் இல்லை என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். புளியும் செத்தல் மிளகாயும் தொண்டையில் இறங்கிய விதம் அப்படியே எங்கள் வீட்டுக் கூழ். அடுத்த மாதம் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறா, அவவையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்.

முற்றத்து வேம்பு:
நல்லது அக்கா. அட்டையைக் காட்டாமல், ஒன்றும் சொல்லாமல் அந்தக் கிண்ணத்தை அம்மாவிடம் கொடுங்கள். அவ என்ன பெயர் சொன்னா என்று இங்கே வந்து எழுதுங்கள். இரண்டாவது கிண்ணம் கேட்டாவா என்பதையும்.