ஆர்க்கிடெக்ட் ரீல்ஸ் போடலாமா, கூடாதா?

காரைவீட்டுக்காரர்:
நேற்று ஒரு இளம் ஆர்க்கிடெக்டின் காணொளி வாட்ஸாப்பில் சுற்றி வந்தது. இன்ஸ்டாகிராமில் இல்லாத ஆர்க்கிடெக்டுக்கு இனிமேல் வேலையே வராதாம், ஆபீஸ் வாடகைக்கு முன்னால் பதிவுகளை பூஸ்ட் பண்ண, அதாவது காசு கட்டி நிறையப் பேருக்குக் காட்டவைக்கப் பணம் ஒதுக்க வேண்டுமாம், மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறார். இவர் ஆர்க்கிடெக்டுகளைப் பதிவு செய்யும் ஆர்க்கிடெக்சர் கவுன்சிலின் 1989 நடத்தை விதிகளை ஒரு தடவையாவது புரட்டியிருப்பாரா? ஆர்க்கிடெக்ட் தன் தொழிலை விளம்பரம் செய்யக் கூடாது. ஆபீஸ் வாசலிலும் கட்டடத்திலும் பெயர் எழுதினால்கூட எழுத்தின் உயரம் 10 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. எழுத்துக்கே ஸ்கேல் வைத்த தொழில் இது. இதில் காசு கொடுத்து ரீல்ஸ் ஓட்டலாமாம்!

ஜாலிச்சுவர்:
சார், அதே விதியில் விலாசம் மாறினால் மூன்று முறை அறிவிப்புக் கொடுக்கலாம் என்றும் இருக்கிறது. அந்தக் காலத்து விதி. செய்த வேலையின் படமும் விவரமும் பெயரோடு ஊடகத்தில் வரலாம் என்று அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறதே, அதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

நான் கோவையில் ஆபீஸ் போட்டபோது எனக்கு மாமா மச்சான் யாரும் பில்டர் இல்லை. முடிந்த வீட்டை டிரோனில் எடுத்துப் பாட்டுப் போட்டதும் இல்லை. ரேட்-டிராப் பாண்ட் என்ற செங்கல் அடுக்கும் முறையில் சுவர் கட்டும்போது மேஸ்திரி செங்கலைக் குத்துக்கல்லாக நிறுத்தி நடுவில் இடைவெளி விடுவதை அவர் கையோடு கிட்டத்தில் காட்டினேன், சுமார் கால்வாசி செங்கல் மிச்சமாகும் என்று சொன்னேன். ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறைதான், நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. அதைப் பார்த்து வந்தவர்கள் பூசாத சுவர் வேண்டும் என்று தெரிந்தே வந்தார்கள். "எலிவேஷன் மட்டும் போட்டுக் கொடுங்க" என்று முகப்புப் படத்தை மட்டும் கேட்கும் கூட்டம் தானாகக் கழன்றுவிட்டது.

காரைவீட்டுக்காரர்:
தம்பி, பாதியைப் படித்தீர்கள், மீதியையும் படியுங்கள். படம் வரலாம், ஆனால் அதற்காகப் பணம் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. பூஸ்ட் பண்ணுவதற்குக் கொடுப்பது பணம் இல்லாமல் புளியங்கொட்டையா? மற்றபடி 10 செ.மீ.க்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை. உங்கள் பக்கத்தின் மேலே உங்கள் பெயர் எவ்வளவு பெரிதாக நிற்கிறது என்று பார்த்தேன்.

ஜாலிச்சுவர்:
நான் பூஸ்ட் பண்ணினேன் என்று எங்கே சொன்னேன்? செல்போன் திரையே 10 செ.மீ. அகலம் கிடையாது சார்!

காரைவீட்டுக்காரர்:
உயரம் என்றுதான் விதியில் இருக்கிறது. அகலம் இல்லை. ஆர்க்கிடெக்டுக்கு உயரமும் அகலமும் நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

திருச்சி சிவில்:
நல்ல சண்டை. இன்ஜினியர்களான எங்களுக்கு அந்த விதியே கிடையாது. 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின் 37ஆம் பிரிவு ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தைத்தான் தடுக்கிறது, அந்த வேலையைச் செய்வதைத் தடுக்கவில்லை என்று சுப்ரீம் கோர்ட் 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. நாங்கள் வரைவோம், கட்டுவோம், ரீல்ஸும் போடுவோம். நீங்கள் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள்.

காரைவீட்டுக்காரர்:
வந்துவிட்டாரய்யா. போன வருடம் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்துவிட்டு, "கிராஸ் வென்டிலேஷன் அருமை" என்று படம் போட்டவர்தானே நீங்கள்? சன்ஷேடு எங்கே என்று கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. நான் மறக்கவில்லை.

திருச்சி சிவில்:
அது ஓனர் கேட்டது. அந்த வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டா பேசுகிறீர்கள்?

சிங்கப்பூர் சித்தப்பு:
வீடு கட்டினவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நான் இங்கே வேலை பார்த்துக்கொண்டே தஞ்சாவூரில் வீடு கட்டினேன். எனக்கு உதவியது ரீல்ஸ் இல்லை, வாட்ஸாப் குழு. ரூஃப் காங்கிரீட்டுக்கு முந்தின நாள் கம்பி கட்டின படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு மூலையில் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக்கே இல்லை, கம்பி நேராகச் சென்ட்ரிங் தகட்டின் மேல் படுத்திருக்கிறது. அப்படியே ஊற்றியிருந்தால் கம்பிக்கு அடியில் காங்கிரீட்டே நின்றிருக்காது, நாலைந்து மழைக்காலத்தில் துருப்பிடித்துப் பூச்சு உதிர்ந்திருக்கும். படத்தில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன், மேஸ்திரி திட்டிக்கொண்டே வைத்தார். நீங்கள் விவாதிக்க வேண்டியது இதைத்தான்.

காரைவீட்டுக்காரர்:
அதைப் பார்க்க வேண்டியது உங்கள் ஆர்க்கிடெக்ட். நீங்கள் இன்ஜினியரை வைத்துக் கட்டியிருப்பீர்கள்.

திருச்சி சிவில்:
இதோ, இதுதான் இவருடைய லட்சணம்.

சிங்கப்பூர் சித்தப்பு:
ஆர்க்கிடெக்டை வைத்துத்தான் கட்டினேன். அவருக்கு இன்ஸ்டாகிராமும் கிடையாது, சைட்டுக்கு வரும் பழக்கமும் கிடையாது.

ஜாலிச்சுவர்:
😂 காரைவீட்டுக்காரர் சார், பதில் ப்ளீஸ்.

காரைவீட்டுக்காரர்:
சிரிப்பு பொம்மை போட்டால் விதி மாறிவிடாது. ஒரு ஆள் சைட்டுக்குப் போகாததற்கும் 10 செ.மீ.க்கும் என்ன சம்பந்தம்? இணையதளம் வைக்கலாம், அதை நான் ஒத்துக்கொண்டுதான் இருக்கிறேன், டைரக்டரியில் பெயர் வருவது போல. பாலி ஸ்டைல் படிக்கட்டு என்று கைப்பிடியே இல்லாத படத்தை ஓட்டுகிறீர்கள், நாளைக்கு கிளையன்ட் அதே படத்தை சேவ் பண்ணிக்கொண்டு என்னிடம் வந்து நிற்கிறார், வீட்டில் எண்பது வயது அம்மா இருக்கிறார் என்றால் "ஃபோட்டோவுல நல்லா இருக்கே சார்" என்கிறார். ரீல்ஸ் வந்த பிறகு பிளானைக் கேட்கும் ஆளே இல்லை, எல்லாருக்கும் ஃபிரேம்தான். வீட்டுக்குள் யார் எங்கே துணி காயப்போடுவார்கள் என்று எந்த ரீல்ஸில் காட்டினீர்கள்?

ஜாலிச்சுவர்:
காட்டியிருக்கிறேன். கொடிக்கயிறோடு. பார்க்காமல் பேசாதீர்கள்.

பாண்டிபஜார்வாசி:
வீட்டை விடுங்கள். ஊர்த் திட்டத்துக்கே இப்போது படம்தான். 2019 நவம்பரில் சென்னை தி.நகரில் எங்கள் பாண்டி பஜாரை நடைபாதை வளாகம் ஆக்கினார்கள். ராத்திரி விளக்கு, பெஞ்சு, குழந்தைகள், எல்லாம் ட்விட்டரில் பிரமாதம். வாங்க வருபவர் வண்டியை எங்கே நிறுத்துவார் என்ற கடைக்காரன் கேள்வி எந்தப் படத்திலாவது வந்ததா? சென்னைப் பெருநகரின் மூன்றாவது மாஸ்டர் பிளானும் 2026இலிருந்து 2046 வரைக்கும். கருத்தைப் ஃபேஸ்புக்கில் கேட்டால், என் கடைப் பக்கத்துப் பூக்காரம்மா எங்கே போய்ச் சொல்லும்?

திருச்சி சிவில்:
ஃபிளாட் விற்கிறவர்களையும் சேருங்கள். ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் பளிச்சென்று இருக்க வேண்டும். இன்ஃப்ளூயன்சர் பெண் நீச்சல்குளத்தைச் சுற்றி ஓடுகிற வீடியோவில் அந்த எண்ணைத் தேடிக் கண்வலிதான் மிச்சம்.

காரைவீட்டுக்காரர்:
அவர்களுக்குச் சட்டம் உண்டு என்கிறீர்கள், ஆர்க்கிடெக்டின் 10 செ.மீ. என்றால் மட்டும் சிரிப்பு வருகிறது. பாண்டிபஜார்வாசி, உங்களுக்கும் சொல்கிறேன், அங்கே கடைக்குப் போவதைவிட நடப்பது இப்போது எவ்வளவோ மேல்.

பாண்டிபஜார்வாசி:
நடப்பவர் பை வாங்கமாட்டார் சார். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை காரில் வாருங்கள், எங்கே நிறுத்துகிறீர்கள் என்று நானும் பார்க்கிறேன்.

ஜாலிச்சுவர்:
தணிகாசலம் சாலையில் அடுக்கு பார்க்கிங் கட்டியிருக்கிறார்களே? இல்லாவிட்டால் ரயிலில் வந்து மாம்பலத்தில் இறங்கி நடக்கலாம். 2023இல் ஆகாய நடைபாலமே திறந்தாகிவிட்டது.

பாண்டிபஜார்வாசி:
அது பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடும் தம்பி. அங்கிருந்து உஸ்மான் ரோடு முழுக்க நடந்து பனகல் பார்க் தாண்டினால்தான் எங்கள் கடை. கோவையில் உட்கார்ந்துகொண்டு தி.நகருக்கு வழி சொல்லாதீர்கள்.

காரைவீட்டுக்காரர்:
இதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஜாலிச்சுவர்:
நீங்கள் எங்கே சார் இதைச் சொன்னீர்கள்?